கோதுமையை விட்டபின் வியர்வை வாடை மாறுவது ஏன்?

கேள்வி இதுதான்: "எனக்கு வயது 36, கோவையில் இருக்கிறேன். எது சாப்பிட்டாலும் வயிறு உப்புகிறது என்று மூன்று மாதமாகச் சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா, பிஸ்கட் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். காலையில் மூன்று முட்டையும் வெந்தயத் தண்ணீரும். மதியம் ஒரு கரண்டி சோறு, நிறையக் காய், பெரும்பாலும் மீன். இரவில் சிக்கன் அல்லது பனீர். உப்புசம் நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் வியர்வையின் வாடையே மாறிவிட்டது, வாயிலும் ஏதோ ஒரு வாடை. வீட்டுக்காரரும் கவனித்துச் சொன்னார். ஜிம்மில் கேட்டால், 'குளூட்டன் நச்சு வெளியேறுகிறது, நல்லதுதான்' என்கிறார்கள். உண்மையா? இது சரியாகுமா?"

உண்மையில்லை. ஆனால் சரியாகிவிடும், அதுவும் பெரும்பாலும் சில வாரங்களிலேயே. நான் உணவு ஆலோசகராகக் குடல் நோயாளிகளோடு வேலை பார்க்கிறவள். கோதுமையை நிறுத்தியவர்கள் இதே கேள்வியோடு வருவது எனக்குப் புதிதில்லை. வெளியில் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, வாசனைத் தெளிப்பானை அள்ளி அடித்துக்கொண்டு, ஆட்களிடமிருந்து இரண்டடி தள்ளி நின்று பழகிவிடுகிறார்கள். அந்தச் சிரமம் உங்களுக்கு வேண்டாம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நச்சு விஷயம். குளூட்டன் என்பது கோதுமையிலும் பார்லியிலும் ரையிலும் உள்ள புரதம். அது உடம்பில் எங்கேயும் தேங்கிக் கிடப்பதில்லை, வியர்வை வழியாகக் கசிவதும் இல்லை. ஜீரணமானது ஜீரணமாகும், மிச்சம் மலத்தோடு போகும். மூன்று மாதம் முன்னால் சாப்பிட்ட சப்பாத்தி இன்றைக்கு அக்குளில் நாறுவதற்கு வழியே கிடையாது. கழிவை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும் செய்கிற வேலை. வியர்வை உடம்பைக் குளிர வைப்பதற்கானது. அதில் 99 சதவீதம் தண்ணீர், மீதியில் பெரும்பகுதி உப்பு. வாடை வந்தால் "நல்லதுதான், சுத்தமாகிறது" என்று சொல்லிக்கொண்டு இருந்துவிட்டால், கவனிக்க வேண்டிய ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம். அதனால்தான் அந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை.

வாடை எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். உடம்பு முழுக்க இருக்கிற வியர்வைச் சுரப்பிகள் விடுவது வெறும் உப்புத் தண்ணீர். அக்குளிலும் தொடை இடுக்கிலும் இருப்பது வேறு வகைச் சுரப்பி. அது கொஞ்சம் கொழுப்பும் புரதமும் கலந்த திரவத்தை விடும். அதற்கும் வெளியே வரும்போது வாசனை இல்லை. தோலில் குடியிருக்கிற கோரினிபாக்டீரியம், ஸ்டஃபைலோகாக்கஸ் ஹோமினிஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதை உடைக்கும்போதுதான் கற்றாழை நாற்றம் பிறக்கிறது. இந்த ஸ்டஃபைலோகாக்கஸ் ஹோமினிஸ் எந்த நொதியை வைத்துக் கந்தகம் கலந்த அந்தக் காட்டமான வாடையை உண்டாக்குகிறது என்று, அந்த நொதியின் வடிவத்தோடு 2020இல் யார்க் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டார்கள். யாருக்கு எவ்வளவு வாடை என்பதில் மரபணுவுக்கும் பங்கு உண்டு. ஏபிசிசி11 என்ற மரபணுவின் ஒரு வடிவம் இருப்பவர்களுக்கு அக்குள் வாடை ஏறக்குறைய இருக்காது, காதுக் குறும்பியும் உலர்ந்து இருக்கும். சீனா, கொரியா, ஜப்பான் பக்கம் இது மிகச் சாதாரணம்.

இதெல்லாம் தோலின் மேல் நடப்பது. இன்னொரு வழியும் இருக்கிறது. சாப்பிட்டதிலிருந்தோ, அதை உடைக்கும்போது உடம்புக்குள் உண்டாவதிலிருந்தோ, எளிதில் ஆவியாகும் பொருட்கள் ரத்தத்தில் கலந்து மூச்சிலும் சிறுநீரிலும் வியர்வையிலும் வரும். உணவு மாறினால் முதலில் மாறுவது இந்த வழிதான். நீங்கள் எழுதியதில் வாயிலும் வாடை, வியர்வையிலும் வாடை என்று சேர்த்துச் சொல்லியிருக்கிறீர்கள். வெறும் அக்குள் பாக்டீரியா என்றால் வாய்க்கு என்ன வேலை? அதனால் உங்கள் விஷயத்தில் நான் தட்டைத்தான் முதலில் பார்ப்பேன். கோதுமை போனதைவிட, போன இடத்தில் என்ன வந்து உட்கார்ந்தது என்பதில்தான் பதில் இருக்கிறது.

உங்கள் தட்டில் மாவுச்சத்து எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். காலையில் முட்டை, அதில் மாவுச்சத்து கிட்டத்தட்ட இல்லை. இரவில் சிக்கனோ பனீரோ, அதிலும் இல்லை என்றே சொல்லலாம். மதியம் ஒரு கரண்டி சோறும் காயும்தான். நீங்கள் விட நினைத்தது குளூட்டனை. ஆனால் கூடவே இட்லி, தோசை, சோறு எல்லாம் கையைவிட்டுப் போயிருக்கிறது. இப்படி ஒரு நாளைக்கு ஐம்பது கிராமுக்குக் கீழே மாவுச்சத்து இறங்கினால், சில நாளில் கல்லீரல் கொழுப்பை எரித்துக் கீட்டோன்களை உண்டாக்க ஆரம்பிக்கும். அதில் ஒன்று அசிட்டோன், நகப்பூச்சைத் துடைக்கிற திரவத்தில் இருக்கும் அதே பொருள். அது ஆவியாகி மூச்சில் வரும், கொஞ்சம் சிறுநீரிலும் வியர்வையிலும் வரும். சிலர் அதைக் கனிந்து அழுகின பழ வாடை என்பார்கள், சிலர் மருந்து வாடை என்பார்கள். பல் தேய்த்தாலும் போகாது, ஏலக்காய் மென்றாலும் போகாது, ஏனென்றால் அது நுரையீரலிலிருந்து வருகிறது. கூடவே ஜிம்முக்கும் போகிறீர்கள். மாவுச்சத்து குறைந்த உடம்பு கடுமையாக உழைக்கும்போது புரதத்தையும் கொஞ்சம் எரிக்கும். அப்போது வியர்வையில் அமோனியா கூடி, மூக்கைக் குத்துகிற ஒரு நெடி வரும். உடற்பயிற்சி முடிந்து சட்டையைக் கழற்றும்போது அந்த நெடி தெரிந்தால் பெரும்பாலும் அதுதான்.

இது நோய் இல்லை. ஆனால் சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போக வேண்டாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று, பெயர் 'கிளிஃப்ளோசின்' என முடிகிற மாத்திரை வகை ஒன்று இப்போது நிறையப் பேருக்குக் கொடுக்கப்படுகிறது. அதைச் சாப்பிட்டுக்கொண்டே மாவுச்சத்தை ஒரேயடியாகக் குறைத்தால், ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே கீட்டோன்கள் அபாயமான அளவுக்குக் கூடி ரத்தம் அமிலமாகிவிடக்கூடும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் உணவைத் திடீரென்று மாற்றுவது ஆபத்து. பழ வாடையோடு வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குவது, மயக்கம் போல அசதி என்று வந்தால் அது வாடைப் பிரச்சினை இல்லை, அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டிய பிரச்சினை. சர்க்கரைமானி நல்ல எண்ணைக் காட்டுகிறது என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

அடுத்து அந்த வெந்தயத் தண்ணீர். வெந்தயத்தில் சோட்டலோன் என்ற வாசனைப் பொருள் இருக்கிறது. மிகச் சிறிய அளவிலேயே மூக்குக்குத் தெரியும். ஜீரணத்தில் அழியாமல் சிறுநீரிலும் வியர்வையிலும் வந்து சேரும். காய்ச்சின சர்க்கரைப் பாகில் கொஞ்சம் குழம்புப் பொடி விழுந்தது போன்ற வாடை. பிரசவத்துக்கு முன்னால் தாய் நிறைய வெந்தயம் சாப்பிட்டதால், பிறந்த குழந்தையின் சிறுநீரில் அந்த வாடை வந்து, பாகு வாடையை வைத்தே சந்தேகிக்கப்படுகிற ஒரு பரம்பரை நோய் என்று மருத்துவர்கள் பயந்துபோன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. நியூயார்க் நகரத்தில் 2005 முதல் அவ்வப்போது ஊரெல்லாம் பாகு மணம் வீச, எங்கிருந்து வருகிறது என்று தேடித்தேடி, 2009இல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூஜெர்சியில் வெந்தயம் பதப்படுத்தும் ஒரு தொழிற்சாலை என்று கண்டார்கள். அவ்வளவு ஊடுருவுகிற வாசனை அது. தாளிக்கப் போடுகிற கால் ஸ்பூன் ஒன்றும் செய்யாது. தினமும் வெறும் வயிற்றில் ஊற வைத்து விதையோடு விழுங்கினால் சட்டையில் தெரியத்தான் செய்யும். வாடை தித்திப்புச் சாயலில் இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அப்படியென்றால் ஒரு வாரம் வெந்தயத்தை நிறுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பூண்டு பற்றி எல்லோரும் கேட்பார்கள். பூண்டைக் கடித்ததும் வாயில் வருவது ஒரு வாடை. மறுநாள் காலைவரை நிற்பது வேறு ஒன்று, அல்லைல் மெத்தில் சல்ஃபைடு என்று பெயர். குடலும் கல்லீரலும் அதை உடனே உடைக்காததால் ரத்தத்தில் சுற்றிக்கொண்டே மூச்சில் வருகிறது. ஆனால் அக்குள் வாடையைப் பொறுத்தவரை பூண்டைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். செக் நாட்டு ஆய்வாளர்கள் ஆண்களுக்குப் பூண்டு கொடுத்து, அக்குளில் வைத்த பஞ்சைப் பெண்களிடம் முகரக் கொடுத்தார்கள். 6 கிராம் கொடுத்தபோது வித்தியாசமே இல்லை, 12 கிராம் கொடுத்தபோது பூண்டு சாப்பிட்டவர்களின் வாடையைத்தான் இனிமையானது என்றார்கள். 2016இல் வந்த ஆய்வு அது. அதே குழுவில் இருப்பவர்கள் 2006இல் இறைச்சியை வைத்தும் பார்த்திருக்கிறார்கள். 17 ஆண்கள், இரண்டு வாரம் இறைச்சியோடு, இரண்டு வாரம் இறைச்சி இல்லாமல். இறைச்சி இல்லாத நாட்களின் வியர்வை காட்டம் குறைந்தது, பிடித்தமானது என்று முகர்ந்தவர்கள் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவில் 2017இல் வந்த ஓர் ஆய்வில் காய், பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களின் வியர்வைக்கு நல்ல பெயர் கிடைத்தது. ஆனால் அதே ஆய்வில் முட்டை, இறைச்சிக்கும் கெட்ட பெயர் வரவில்லை, மாவுச்சத்து நிறையச் சாப்பிட்டவர்களுக்குத்தான் வந்தது. எல்லாம் சின்னச் சின்ன ஆய்வுகள், ஒன்றுக்கொன்று முழுவதும் ஒத்துப்போகவும் இல்லை. "இதைச் சாப்பிட்டால் நாறும், இதைச் சாப்பிட்டால் மணக்கும்" என்று பட்டியல் போட்டு விற்கிறவர்களை நம்பாதீர்கள் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். காயும் பழமும் கூடினால் நல்லது என்ற அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் கேள்வியில் என்னை நிறுத்தியது மூன்று முட்டையும் மீனும். வாடை கவிச்சியாக, அதாவது மீன் கழுவின தண்ணீர் போல இருக்கிறதா? நீங்கள் அதைச் சொல்லவில்லை. அப்படி இருந்தால் விஷயம் வேறு. முட்டை, ஈரல், சோயா இவற்றில் கோலின் என்ற சத்து இருக்கிறது. ஒரு பெரிய முட்டையில் மட்டும் 150 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். பெண்களுக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படுவதே 425 மில்லிகிராம்தான். காலை உணவிலேயே அது கிட்டத்தட்ட நிறைந்துவிடுகிறது. உடம்பு எடுத்துக்கொண்டது போக மிஞ்சுகிற கோலினைக் குடல் பாக்டீரியா ட்ரைமெத்திலமீன் என்ற பொருளாக மாற்றும். கவிச்சி வாடை அதனுடையதுதான். கடல்மீன் மூலமும் அது வரும். சாதாரணமாகக் கல்லீரலில் எஃப்எம்ஓ3 என்ற நொதி அதைப் பிடித்து வாடையில்லாத பொருளாக மாற்றிவிடும். அந்த நொதி பிறவியிலேயே பலவீனமாக இருப்பவர்களுக்கு அது மாறாமல் வியர்வை, மூச்சு, சிறுநீர் எல்லாவற்றிலும் வரும். ட்ரைமெத்திலமினூரியா என்று பெயர், மருத்துவ இதழில் நோயாகப் பதிவானது 1970இல். நம் ஆட்களுக்கு அதற்கு முன்பே இப்படி ஒருத்தியைத் தெரியும். மகாபாரதத்தில் பராசரர் வரம் கொடுக்கும்வரை மச்சகந்தி என்று பெயர் வாங்கி ஓடம் ஓட்டிய சத்தியவதி. இந்த நோயைப் பற்றி எழுதுகிற வெளிநாட்டு மருத்துவர்களும் அவள் கதையைச் சொல்வதுண்டு.

அபூர்வமான நோய்தான். ஆனால் காரணம் தெரியாத உடல் வாடை என்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்துக்கு வந்த 353 பேரைச் சோதித்ததில் 118 பேருக்கு இது இருந்தது. எவ்வளவோ குளித்தும் போகாத வாடையோடு, "சுத்தமாக இல்லை" என்ற பழியையும் சுமந்துகொண்டு பல வருஷம் அலைந்தவர்கள் அவர்கள். லேசான குறைபாடு இருப்பவர்களுக்குச் சாதாரண உணவில் ஒன்றும் தெரியாமல் இருந்து, முட்டையும் மீனும் திடீரென்று கூடினபோது தெரிய வரலாம். பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் கூடுவதும் உண்டு. சிறுநீர்ப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். முட்டையையும் கடல்மீனையும் குறைத்து, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 5.5 முதல் 6.5 வரை உள்ள சோப்பில் குளித்தாலே பலருக்கு நன்றாகக் கட்டுப்படுகிறது. அந்த அமிலத்தன்மை தோலில் இருக்கிற ட்ரைமெத்திலமீனை ஆவியாகாத உப்பாக மாற்றிக் கழுவிவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் சீலியாக் நோய் இல்லாதவருக்கும் நடப்பது. சீலியாக் இருப்பவர் குளூட்டனை விட்டால் கதை எதிர்த்திசையில் போகும். இது குளூட்டனுக்கு எதிராக உடம்பே கிளம்பிச் சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிற நோய். அந்தச் சுவரில் சத்தை உறிஞ்சுகிற குடலுறிஞ்சிகள் தட்டையாகிவிடும். கொழுப்பு உறிஞ்சப்படாமல் மலத்தோடு போகும். மலம் வெளிறி, மிதந்து, கழிவறைக்கு அடுத்தவர் போக முடியாத அளவுக்கு நாறும். வாயுவும் அப்படியே. குளூட்டனை முழுதாக விட்டு, குடல் ஆற ஆற இந்த நாற்றம் குறைந்துகொண்டே வரும். முழுதாக ஆற மாதங்கள் ஆகலாம், பெரியவர்களுக்கு ஒன்றிரண்டு வருஷம்கூட ஆகலாம். குடலின் நிலை வாசனைப் பொருட்களில் தெரியும் என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. இங்கிலாந்தின் கவென்ட்ரியில் 2014இல் சிறுநீரிலிருந்து எழும் ஆவியை மட்டும் கருவியில் சோதித்து, சீலியாக் நோயாளிகளையும் சாதாரணக் குடல் எரிச்சல் நோயாளிகளையும் பிரித்துக் காட்டினார்கள்.

நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர், 1944-45இல் போர்ப் பஞ்சத்தில் ரொட்டியே கிடைக்காத குளிர்காலத்தில் சீலியாக் குழந்தைகள் தேறுவதையும், ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுப்பதையும் கண்டார். 1950இல் அவர் ஆய்வேடு வந்தபின்தான் கோதுமைதான் காரணம் என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டது. இந்தியாவில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ராமகிருஷ்ணா முதலானோர் 23,331 பேரைச் சோதித்து 2016இல் வெளியிட்ட கணக்கு நமக்கு முக்கியம். வடக்கே ஆயிரத்துக்கு 8.53 பேருக்குச் சீலியாக், வடகிழக்கே 4.66, தெற்கே 0.11. நோய்க்கு இடம் கொடுக்கிற மரபணு மூன்று பகுதியிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கிறது. சாப்பிடுகிற கோதுமைதான் வேறு: வடக்கே நாளைக்குச் சராசரி 455 கிராம், தெற்கே 25 கிராம். இப்போது நம் வீடுகளில் இரவானால் சப்பாத்தி என்று ஆகிவிட்டது. அதனால் இனி தெற்கேயும் கூடலாம் என்ற கவலை எனக்கு உண்டு.

உங்களுக்கு உப்புசம் குறைந்ததை வைத்து "எனக்குக் குளூட்டன் ஆகாது" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கோதுமையில் குளூட்டனோடு ஃப்ரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலியும் இருக்கிறது. சிறுகுடலில் அது ஜீரணமாவதில்லை. பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகும். சீலியாக் இல்லாமல், குளூட்டன் ஆகவில்லை என்று தாங்களே ஒதுக்கியிருந்த 59 பேருக்கு ஆஸ்லோவில் எதில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் ஒரு வாரம் குளூட்டன், ஒரு வாரம் ஃப்ரக்டான், ஒரு வாரம் இரண்டும் இல்லாதது என்று கொடுத்துப் பார்த்தார்கள். வயிற்றைக் கலக்கியது ஃப்ரக்டான்தான், குளூட்டன் இல்லை. 2018இல் வந்தது அது. வெங்காயத்திலும் பூண்டிலும் இதே ஃப்ரக்டான் நிறைய. அப்படியென்றால் உங்களுக்குக் கோதுமையை அடியோடு விடவேண்டிய அவசியமே இல்லாமல் இருக்கலாம், அளவைக் குறைத்தாலே போதுமாக இருக்கலாம். மறுபக்கம், சீலியாக் இருந்தால் ஒரு துளிகூடக் கூடாது. அப்போது சாம்பாரில் போடுகிற கூட்டுப் பெருங்காயமே பிரச்சினை, ஏனென்றால் அதில் பெரும்பாலும் கோதுமை மாவு அல்லது மைதா கலந்திருப்பார்கள். சோயா சாஸ், மால்ட் பானங்கள், கடைப் பொடிகள் எல்லாவற்றிலும் லேபிளைப் படித்துத்தான் ஆக வேண்டும். குளூட்டன் இல்லாதது என்று அச்சிட ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இங்கேயும் சட்டம்.

மூக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் சொந்த வாடை நமக்குப் பழகிப்போய்த் தெரியாது. உணவை மாற்றி, உடம்பையே கவனித்துக்கொண்டிருக்கும்போது பழைய வாடைகூடப் புதிதாகத் தெரியலாம். கொரோனாவுக்குப் பிறகு பலருக்கு மூக்கே திரிந்து, காபியும் வெங்காயமும் அழுகின வாடை அடித்தது. உங்கள் விஷயத்தில் வீட்டுக்காரரும் சொன்னதால் வாடை நிஜம்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் இதைப் படிக்கிற வேறு யாருக்காவது, வேறு ஒருவரும் உணராத வாடை தனக்கு மட்டும் ஓயாமல் தெரிந்து, பக்கத்தில் இருப்பவர் மூக்கைத் தொட்டாலே தன்னால்தான் என்று தோன்றி, வெளியே போவதே நின்றுவிட்டது என்றால், அதுவும் மருத்துவத்தில் அடையாளம் காணப்பட்ட துன்பம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியலில் தனிப் பெயரோடு இருக்கிறது. மனநல மருத்துவரிடம் போனால் குணமாகக்கூடியது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, இப்போது என்ன செய்வது? கோதுமையைத் திரும்பக் கொண்டுவராமலேயே மாவுச்சத்தைக் கொண்டுவாருங்கள். காலையில் மூன்று முட்டைக்குப் பதில் ஒன்று, கூட இரண்டு மூன்று இட்லி அல்லது கம்பங்கூழ். மதியம் சோறு ஒரு கிண்ணமாக ஆகட்டும், வெந்த சோறு 150 கிராமில் நாற்பது கிராமுக்கு மேல் மாவுச்சத்து கிடைத்துவிடும். இரவில் ராகி அடையோ சோள தோசையோ வரகரிசிச் சோறோ, கூடக் கொஞ்சம் சிக்கன். கம்பு, கேழ்வரகு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி எதிலும் குளூட்டன் கிடையாது. கோதுமை அரைக்கிற மில்லிலேயே அரைத்தால் கலந்துவிடும் என்பதை மட்டும் சீலியாக் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். கீட்டோன் வாடை என்றால் இரண்டு மூன்று நாளிலேயே வாயில் வித்தியாசம் தெரியும். வெந்தயத்தை நிறுத்துவதை அதே நாளில் செய்யாமல் அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள், அப்போதுதான் எது எதைச் செய்தது என்று பிரித்துப் பார்க்க முடியும். முட்டையையும் மீனையும் குறைத்தபின் கவிச்சி குறைந்தால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெளிப்பூச்சில் சொல்ல அதிகமில்லை. ஜிம்முக்குப் பாலியெஸ்டர் சட்டை போடுகிறீர்கள் என்றால் பருத்திக்கு மாறுங்கள். பெல்ஜியத்தின் கென்ட் நகரில் 26 பேரை வைத்துப் பார்த்ததில் ஒரே உடற்பயிற்சிக்குப் பிறகு பாலியெஸ்டர்தான் அதிகம் நாறியது, நாற்றத்தை உண்டாக்குகிற பாக்டீரியா அதில்தான் நன்றாக வளர்ந்தது. வியர்வையைக் குறைக்கிற அலுமினியப் பூச்சை இரவில், உலர்ந்த அக்குளில் போடுவதுதான் வேலை செய்யும், காலையில் வியர்வையின் மேல் போட்டால் வீண். படிகாரமும் அதே வழியில் ஓரளவு உதவும். நச்சை இழுக்கும் பட்டை, கால் ஒட்டு என்று விற்கிற எதற்கும் பணம் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, நான் நேரில் இருந்தால் முதலில் கேட்டிருப்பது: கோதுமையை நிறுத்துவதற்கு முன்னால் சீலியாக் பரிசோதனை செய்தீர்களா? செய்யவில்லை என்றுதான் தோன்றுகிறது. டிடிஜி-ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனை, நீங்கள் குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் சரியாகக் காட்டும். விட்டுவிட்டால் அந்தப் பரிசோதனை அளக்கிற ஆன்டிபாடி (எதிர்ப்பொருள்) மாதக்கணக்கில் இறங்கி, நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடலாம். உங்களுக்கு இப்போது இரண்டு வழி இருக்கிறது. எச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8 மரபணுப் பரிசோதனை செய்யலாம், அதற்கு உணவை மாற்ற வேண்டியதில்லை. இரண்டும் இல்லை என்று வந்தால் சீலியாக் அநேகமாக இல்லவே இல்லை, அத்தோடு முடிந்தது. இருக்கிறது என்று வந்தால் நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை, நம் நாட்டில் மூன்றில் ஒருவருக்கு அது இருக்கிறது. அப்போது குடல் மருத்துவர் மேற்பார்வையில் சில வாரம் கோதுமை சாப்பிட்டுவிட்டு டிடிஜியும், தேவைப்பட்டால் எண்டோஸ்கோபியும் செய்ய வேண்டும். அந்தச் சீட்டிலேயே மொத்த ஐஜிஏ, ரத்தச் சர்க்கரை, தைராய்டு, கல்லீரல், சிறுநீரகம் என்று சேர்த்து எழுதச் சொல்லுங்கள். சீலியாக்கும் தைராய்டும் முதல் வகைச் சர்க்கரை நோயும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவதுண்டு. தைராய்டு கூடினால் வியர்வையும் கூடும். கல்லீரல், சிறுநீரகம் கெட்டாலும் மூச்சின் வாடை மாறும்.

இரண்டு வாரம் உணவை மாற்றியும் வாடை அப்படியே நின்றால், அல்லது எடை காரணமில்லாமல் இறங்கினால், இரவில் படுக்கை நனைய வியர்த்தால், தாகமும் சிறுநீரும் கூடினால் காத்திருக்க வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். வாடை எந்தச் சாயல் என்று, பழமா, தித்திப்பா, அமோனியா நெடியா, கவிச்சியா என்று வீட்டுக்காரரிடம் கேட்டு எழுதுங்கள். முடிவுகளும் கையில் இருந்தால் அடுத்து எதை நிறுத்துவது, எதைச் சேர்ப்பது என்று இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.